பழைய எம்ஜிபி கையில் கிடைத்தால்: முதல் போல்ட்டைக் கழற்றும் முன் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

இருபத்தைந்து வருடமாக யாரும் தொடாத ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஸ்பேனரை எடுத்து இரண்டு சாமான்களையாவது கழற்றினால்தான் வேலை ஆரம்பித்த மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிரிட்டனின் எம்ஜி நிறுவனத்து ஸ்போர்ட்ஸ் காரான என் முதல் எம்ஜிபி ஜிடியை ஒரே ஈஸ்டர் விடுமுறையில் எலும்புக்கூடாக்கினேன். அடுத்த மூன்று வருடம் அது பதினெட்டு அட்டைப்பெட்டிகளில் குடியிருந்தது. கடைசியில் பெட்டிகளோடு சேர்த்து, வாங்கியதில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ஒரு பெட்டியின் மேல் ‘வலது பக்கம், முக்கியம்’ என்று நானே எழுதியிருந்தேன். எதனுடைய வலது பக்கம் என்று இன்றுவரை தெரியாது.

அப்போது எனக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, கழட்டுறது ரெண்டு நாள், பூட்டுறது ரெண்டு வருசம். என்ன செய்யப் போறன் எண்டு முடிவெடுக்காமல் ஒண்டையும் கழட்டாதை.” இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு வரியின் விரிவுரைதான்.

போன வருடம் ஒரு நண்பருக்கு 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்து கராஜ், நீலப் பெயின்ட், மடிப்புக் கூரையில் பச்சைப் பாசி, சீட்டுக்குள் எலிக்கூடு. அதற்கு நாங்கள் முடிவெடுத்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். எம்ஜிபியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. பிரிட்டனில் பாழடைந்து கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், அது எம்ஜிபியாக இருக்க வாய்ப்பு அதிகம். உதிரி பாகம் ஏறக்குறைய எல்லாமே புதிதாகக் கிடைக்கும். அதனாலேயே ‘எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்’ என்ற ஆசையும் சீக்கிரம் வந்துவிடும்.

படி 1: கையில் இருப்பது எந்த வண்டி?

எல்லா எம்ஜிபியும் ஒன்றல்ல. சேசிஸ் நம்பரின் முதல் எழுத்துகளைப் பாருங்கள். ஜிஎச்என் என்றால் திறந்த இரண்டு சீட் ரோட்ஸ்டர், ஜிஎச்டி என்றால் கூரை வைத்த ஜிடி. கதவின் வெளிப்பக்கம் இழுத்துத் திறக்கும் கைப்பிடி இருந்தால் அது 1965க்கு முந்தைய ஆரம்பகால வண்டி. மிச்சம் இருப்பவை குறைவு. கறுப்பு ரப்பர் பம்பர் இருந்தால் 1974 கடைசிக்குப் பிந்தையது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக வண்டியையே உயர்த்திக் கட்டினார்கள். அதனால் சந்தையில் விலை கொஞ்சம் இறங்கும். வி8 எஞ்சினோடு வந்த ஜிடி மொத்தமே 2,591தான். உங்களிடம் இருப்பது அதுவென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, முதலில் அந்த வண்டி தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் காகிதம். பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, அதிலுள்ள சேசிஸ் நம்பர் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. பணம் கட்டினால் தயாரான தேதி, முதல் நிறம், எஞ்சின் நம்பர், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். நண்பரின் வண்டியில் எஞ்சின் நம்பரும் நிறமும் பதிவேட்டோடு அப்படியே பொருந்தின. அந்த ஒரு தாள், பின்னால் எடுத்த முடிவைப் பாதிக்குமேல் தீர்மானித்தது.

படி 2: கழுவாதீர்கள்

முதல் நாளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். அழுக்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது: எண்ணெய் எங்கே கசிந்தது, மழைநீர் எந்த வழியாக உள்ளே வந்தது, யார் எந்தத் தகட்டை அவசரத்தில் ஒட்டினார்கள் என்று. கேமராவை எடுத்து எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். வயர்கள், ஹோஸ்கள், கிளிப்புகள், சீட்டின் தையல், எல்லாமே. இருநூறு படம் அதிகமில்லை. சீட்டுக்கு அடியில் பழைய வரி வில்லையோ பெட்ரோல் ரசீதோ கிடைத்தால் எறியாதீர்கள்.

எதெல்லாம் தொழிற்சாலையில் பூட்டியபடியே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். சீட் தோல், டேஷ்போர்டு, பெயின்ட். ஒரு வண்டி ஒருமுறைதான் ஒரிஜினலாக இருக்க முடியும். புதுசாக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். ஃபிவா என்னும் சர்வதேசப் பழைய வண்டிக் கூட்டமைப்பின் டுரின் சாசனமும் இருப்பதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. அதற்காக ஓட்டைத் தகட்டையும் பாதுகாக்கச் சொல்லவில்லை, அது வேறு.

படி 3: தகடுதான் தீர்ப்பு சொல்லும்

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மற்ற படிகளை அவசரத்தில் முடித்தாலும் பரவாயில்லை.

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சிலருக்கு நினைவிருக்கலாம். அதற்குத் தனி சேசிஸ் உண்டு. பாடி துருப்பிடித்தாலும் சட்டம் வண்டியைத் தாங்கும். எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சட்டம். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பதில் பெரும் பங்கு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவப் பகுதிக்கு. அதை இங்கே சில் என்கிறார்கள். வெளித்தகடு, உள்ளே ஒரு நடுத்தகடு, உள்தகடு, அடியில் காசில் ரெயில் என்ற மடிப்புத் தகடு, எல்லாம் சேர்ந்ததுதான் சில். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது முதல் தகடு மட்டும்.

தேவையான கருவிகள்: ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தம், முனை மழுங்கிய திருப்புளி, டார்ச், பழைய பாய். பாயை விரித்துப் படுத்துவிடுங்கள்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் உள்ளே இருப்பது பட்டி. நம்மூர் டிங்கரிங் கடையில் பட்டி பார்ப்பது போலத்தான் இங்கேயும். சில இடங்களில் விரல் கனத்துக்கு அப்பியிருப்பார்கள். அடுத்து, கதவுக்குச் சற்று முன்னாலும் பின்னாலும், மட்கார்டின் அடிப்பகுதி சில்லோடு சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு இணைப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாமல் ஒரே வழவழப்பாக இருந்தால், துருப்பிடித்த சில் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி மூடியிருக்க வாய்ப்பு அதிகம். புண்ணுக்கு மேல் சட்டை போட்ட கதை. சில்லின் முன்முனை மட்கார்டுக்குள்ளே போகிறது. அதனால் ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் மட்கார்டைக் கழற்றியே ஆக வேண்டும். நல்லவேளை, முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கிறது. பின்னது வெல்டிங்.

இப்போது கதவு. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து எழுதுங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் வண்டி ஏற்கெனவே நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பின் ஸ்பிரிங்கின் முன்முனை பூட்டியிருக்கும் இடத்துக்கு அடியில், பலமாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகு, மரப்பலகை வைத்து ஜாக்கியால் மெதுவாகத் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ சில்லில் உயிர் இல்லை. ஜாக்கியை சில்லின் நடுவிலுள்ள ஜாக்கி முனையில் மாட்டாதீர்கள்; துருப்பிடித்த வண்டியில் அது அப்படியே உள்ளே மடங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவும் கூடாது. ஆக்சில் ஸ்டாண்ட் வைத்த பிறகுதான் போக வேண்டும்.

மிச்ச இடங்கள்: கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத்தகடு. சீட்டுக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டிகள். இந்தக் காலத்து வண்டிகளில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி இருக்கும், அமிலம் சிந்திச் சிந்திப் பெட்டியையே தின்றிருக்கும். பின் ஸ்பிரிங் பூட்டும் இடங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள் சேறு தங்கும் தடுப்புத் தகடு. டிக்கிக்கு அடியில் பெட்ரோல் டேங்க். இது விசித்திரமாக மேல்பக்கத்தில் ஓட்டையாகும், டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் நடுவில் ஈரமண் தங்குவதால். கதவின் மேல்பக்கம், சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே மயிரிழை போல விரிசல் இருந்தால் பயப்படாதீர்கள். அது எம்ஜிபியின் பிறவிக்குறை.

நண்பரின் வண்டியில் இடது சில்லில் திருப்புளி ‘டங்’ என்று நின்றது. வலது சில்லில், பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், பிஸ்கட்டைக் குத்தியது போல உள்ளே போய்விட்டது. கையை எடுத்ததும் பழுப்பு நிறத்தில் பொடி கொட்டியது. காசில் ரெயிலும் அங்கே ஒரு அடி நீளத்துக்குப் போயிருந்தது. மற்றதெல்லாம் மேல்துருதான். ஆச்சரியம், ஆனால் கராஜ் காய்ந்த இடம்.

படி 4: எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்

பலர் ‘எஞ்சின் சுற்றுகிறதா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். எம்ஜிபியில் அது கடைசிக் கேள்வி. 1798 சிசி பி சீரிஸ் எஞ்சின், நம் அம்பாசடரில் இருந்த 1489 சிசி எஞ்சினின் ஒன்றுவிட்ட அண்ணன். அம்பாசடரின் ராக்கர் கவரைத் திறந்து டாப்பெட் பார்த்த மெக்கானிக் யாரும் இதைப் பார்த்து முழிக்க மாட்டார். இறுகிப்போயிருந்தாலும் பழுது பார்க்கலாம், இன்னொன்று வாங்கியும் போடலாம்.

சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை மட்டும் அடக்குங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சுற்றினால் சரி. டேங்கிலுள்ள பழைய பெட்ரோல், எஞ்சின் ஆயில், கூலன்ட் மூன்றையும் மாற்றும்வரை ஸ்டார்ட்டர் பக்கமே போக வேண்டாம்.

பிரேக்கில் பேரம் கிடையாது. பார்க்க நன்றாக இருந்தாலும் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், திரவம் எல்லாம் மாற்ற வேண்டியவை. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். டயர் பட்டனோடு பளபளவென்று இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள தேதி எண்ணைப் பாருங்கள், பத்து வருடம் தாண்டியிருந்தால் போகவேண்டியதுதான். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் எரிபொருள் ஹோஸுக்கு அது ஆகாது. அதையும் மாற்றுங்கள்.

படி 5: ஐந்து பாதைகள்

முதல் பாதை, எழுப்பி ஓட்டுவது. தகடு நன்றாக இருந்தால் பிரேக், எரிபொருள், டயர், வயர் இவற்றை மட்டும் சரிசெய்து, பெயின்ட்டைத் தொடாமல் சாலைக்குக் கொண்டுவருவது. மங்கிய பெயின்ட்டும் கிழிந்த சீட்டும் அப்படியே இருக்கும். என் மனதுக்குப் பிடித்தது இதுதான், ஒளிக்கவில்லை. பளபளவென்று இருக்கும் எம்ஜிபிகளை எந்தக் கார் கண்காட்சியிலும் பார்க்கலாம். தயாரானபோது அடித்த பெயின்ட்டோடு இருப்பது அபூர்வம்.

இரண்டாவது, ஓட்டிக்கொண்டே செப்பனிடுவது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு வேலை. இந்த வருடம் ஒரு பக்க சில், அடுத்த வருடம் கூரைத்துணி. கோடையில் வண்டி ஓடும். ஓடுகிற வண்டியைத்தான் மனிதன் கைவிடாமல் இருப்பான். குடும்பமும் வேலையும் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதையே.

மூன்றாவது, முழுக்கக் கழற்றி அடியிலிருந்து கட்டுவது. இரண்டு சில்லும் போய், தரையும் போயிருந்தால் வேறு வழியில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு நாற்பது வாரம் என்றால் 240 மணி நேரம். முழு வேலைக்கு ஆயிரம் மணி நேரத்துக்குக் குறைத்து நான் கணக்குப் போட மாட்டேன். நாலு வருடத்துக்கும் மேல். அத்தனை நாளும் கராஜ் உங்களுடையதாக இருக்குமா, வாடகை வீடா, குழந்தை வரப்போகிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு ஒரே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை: ரோட்ஸ்டரின் சில்லை வெட்டுவதற்கு முன், கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து இறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, புது சில்லும் அந்தக் கோணலிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கதவும் எந்த ஜென்மத்திலும் மூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டவும் கூடாது.

நான்காவது, புது பாடி. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய தொழிற்சாலையின் அச்சுகளையே தேடி எடுத்து, 1988 முதல் எம்ஜிபியின் முழு பாடியைப் புதிதாகச் செய்து விற்கிறது. பல ஆயிரம் பவுண்டு. கேட்டதும் தலை சுற்றும். ஆனால் மோசமாகத் துருப்பிடித்த பாடியை வெல்டிங் கடையில் கூலி கொடுத்துச் சரிசெய்வதோடு ஒப்பிட்டால் சில சமயம் இதுவே மலிவு. பாடியை மாற்றினால் பதிவு, அடையாளம் பற்றி, பிரிட்டனின் வண்டிப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவின் விதிகள் குறுக்கே வரும். ஆர்டர் கொடுக்கும் நாளில் நடப்பிலுள்ள விதியைப் படித்துவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஐந்தாவது பாதையை யாரும் சொல்வதில்லை: விற்றுவிடுவது. துருப்பிடித்த எம்ஜிபியை உயிர்ப்பிக்கும் செலவில் நன்றாக ஓடும் இன்னொரு எம்ஜிபியை வாங்கிவிடலாம் என்பதுதான் பெரும்பாலும் உண்மை. உங்கள் வண்டியின் கதவும் பானெட்டும் கியர்பாக்ஸும் வேறு இரண்டு வண்டிகளை வாழவைக்கும். அப்பா ஓட்டிய வண்டி என்றால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன்.

இடையில் மாற்றம் செய்யும் ஆசை வரும்: எலக்ட்ரானிக் இக்னிஷன், ஐந்து கியர் பெட்டி, நல்ல விளக்கு. எனக்கு ஒரே ஒரு விதி. திரும்பவும் கழற்றிப் பழையதைப் பூட்ட முடிந்தால் செய்யலாம், தகட்டை வெட்டினால்தான் பொருந்தும் என்றால் வேண்டாம். கழற்றிய பழைய பாகத்தைப் பெயர் எழுதி வைத்திருங்கள். ‘வலது பக்கம், முக்கியம்’ என்று எழுதாதீர்கள்.

படி 6: பணக் கணக்கு

மூன்று பத்தியில் எழுதுங்கள்: பாகம், வெளியாள் கூலி, கருவி. தகடுகளின் விலை பெரிதாகத் தெரியாது. கையைக் கடிப்பது வெல்டிங் கூலியும் பெயின்ட்டும். ஒழுங்கான பெயின்ட் வேலையில் பெயின்ட் அடிப்பது கொஞ்ச நேரம்தான், தேய்ப்பதற்குத்தான் காசு. வரும் மொத்தத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம், அதுவும் பல நேரம் போதவில்லை. நீங்களே வெல்டிங் பழகினால் கணக்கே தலைகீழாகும். சாயங்கால வகுப்புகள் நடக்கின்றன. துண்டுத் தகட்டில் பழகுங்கள், வண்டியில் வேண்டாம்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: சாலையில் ஓடாத வண்டிக்கு அப்படி அறிவித்திருக்க வேண்டும், இதை சார்ன் என்பார்கள். நாற்பது வயது தாண்டிய வண்டியைப் பழைய வண்டி வகைக்கு மாற்ற விண்ணப்பித்தால் சாலை வரி கட்ட வேண்டியதில்லை. பெரிய மாற்றம் செய்யாதிருந்தால் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் பாதுகாப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு. விலக்கு இருந்தாலும் நான் காசு கொடுத்து சோதனைக்கு விடுகிறேன். நான் பார்க்காததை இன்னொருவர் கண் பார்க்கும்.

படி 7: ஒரே தாளில் எழுதுங்கள்

நண்பரும் நானும் சமையல் மேசையில் உட்கார்ந்து எழுதியது இவ்வளவுதான்: ‘இரண்டாவது பாதை. பெயின்ட்டைத் தொடுவதில்லை. வலது சில், காசில் ரெயில் இந்தக் குளிர்காலம். அதற்கு முன் பிரேக், டேங்க், ஹோஸ், டயர். எஞ்சினைத் திறப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும் கழற்றுவது. அது திரும்பப் பூட்டும்வரை அடுத்ததைத் தொடுவதில்லை.’ அவர் மனைவி கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘எலிக்கூட்டை இன்றைக்கே எடுப்பது.’

தாளை கராஜ் சுவரில் ஒட்டினோம். இரண்டு முறை அதை மீறப் பார்த்தார். முதல் முறை டேஷ்போர்டு, இரண்டாம் முறை முன் சஸ்பென்ஷன். இரண்டு முறையும் தாளைக் காட்டினேன்.

வலது சில்லை நவம்பரில் வெட்டினோம். நடுத்தகடு நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது, ஒரு முழம் மாற்றினால் போதுமானதாக இருந்தது. மார்ச் மாதம் புது பேட்டரிகளை இணைத்துச் சாவியைத் திருப்பினார். பின்பக்கம் இருக்கும் எஸ்யூ பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து நிற்க வேண்டும். சத்தமே இல்லை. நண்பரின் முகம் வாடிவிட்டது. இந்த பம்ப் வெகுநாள் கிடந்தால் உள்ளேயுள்ள பாயின்ட் ஒட்டிக்கொள்ளும். வலது பின் சக்கரத்துப் பக்கம் குனிந்து, ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்பை லேசாக ஒரு தட்டு தட்டினேன்.

டிக். டிக். டிக்டிக்டிக்டிக். கூரையில் பாசி இன்னும் அப்படியேதான் இருந்தது.